மரங்களின் வருடப் பிறப்பு: மட்டக்களப்பில் பிள்ளைகளோடு ஒரு மாலை, ஒரு காலை, பிறகு எட்டு மாதத் தண்ணீர்

யூதர்களின் ஷெவாத் மாதம் பதினைந்தாம் நாள் மரங்களுக்கு வருடப் பிறப்பு. எபிரேயத்தில் தூ பிஷ்வாத் என்பார்கள். நிலாவைக் கொண்டு நடக்கும் மாதம் என்பதால் பதினைந்து என்றால் பூரணையை ஒட்டித்தான் வரும். அண்மைய வருடங்களில் அது தைப்பூசத்துக்கு ஓரிரு நாள் முன்பின்னாகவே வந்திருக்கிறது. 2027இல் ஜனவரி 22 வெள்ளி பொழுதுபடத் தொடங்கி 23 சனி மாலை முடிகிறது. 2028இல் பெப்ரவரி 11 மாலை முதல் 12 மாலை வரை. இரண்டு வருடமும் சனியில் விழுகிறது. சனி யூதர்களின் ஓய்வுநாள், மண்வெட்டி தொடமாட்டார்கள். யூத விருந்தினர் யாரும் உங்களோடு சேர்வதாக இருந்தால் நடுகையை ஞாயிறுக்குத் தள்ளுங்கள். மற்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இது முதலில் மரம் நடும் நாளே அல்ல, கணக்கு நாள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா நான்கு வருடப் பிறப்புகளைச் சொல்கிறது, அதில் மரத்துக்கு உரியது இது. பழைய யூத ஆசிரியர் இருவரில் ஷம்மாயின் வழியினர் ஷெவாத் முதலாம் நாள் என்றார்கள், ஹில்லேலின் வழியினர் பதினைந்து என்றார்கள். நின்றது ஹில்லேலின் கணக்கு. பழத்தில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுக்க வேண்டும். இந்த நாளுக்கு முன் பிஞ்சு பிடித்தது போன வருடக் கணக்கு, பின் பிடித்தது புது வருடக் கணக்கு. இஸ்ரேலில் மாரி மழையின் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்திருக்கும், வாதுமை பூக்கத் தொடங்கும், அதனால் வருடத்தின் எல்லைக்கோட்டை அங்கே போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மரம் நடும் வழக்கம் 1890இல் சிக்ரோன் யாக்கோவ் என்ற ஊரில் தொடங்கியது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், அங்கே ஷெவாத்தில் நட்ட கன்றுக்கு இன்னும் சில வாரக் குளிரும் மழையும் மிச்சம் இருக்கிறது. இங்கே இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாடைக்காற்று மழை மாசியோடு அடங்கிவிடும். பிறகு பங்குனி வெயில், அதன் பின் வைகாசியில் தொடங்கும் கச்சான் காற்று, ஐப்பசி வரை இதுதான். தையில் நட்டுப் படம் எடுத்துவிட்டு மறந்த கன்று ஆவணியில் விறகு. ஆகவே அன்றைக்கு எத்தனை கன்று நடலாம் என்று கேட்காதீர்கள். ஆவணியில் எத்தனை வாளி தண்ணீர் தூக்க முடியும் என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் நடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கன்று, மிஞ்சினால் இரண்டு.

மாலை: பழ மேசை

பதினாறாம் நூற்றாண்டில் சஃபேத் ஊரில் இருந்த மறைஞானிகளின் வழியில் வந்தது இந்த மேசை. பழங்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: வெளித்தோல் தின்ன முடியாதவை, உள்ளே கொட்டை தின்ன முடியாதவை, முழுக்கத் தின்னக்கூடியவை. அதோடு நான்கு கிண்ணம் திராட்சைரசம், வெள்ளையில் தொடங்கிப் படிப்படியாகச் சிவப்பாக மாறும்.

நமது சந்தையில் கிடைப்பதைக் கொண்டு மேசையை நிரப்புவது கஷ்டமில்லை. தோல் நீக்க வேண்டியதில் மாதுளை, தோடம்பழம், விளாம்பழம், பாதாம், மரமுந்திரிகை. கொட்டையுள்ளதில் பேரீச்சை, இலந்தை, நெல்லி, அம்பரெல்லா. முழுக்கத் தின்பதில் காய்ந்த அத்தி, விதையில்லாத் திராட்சை, கொய்யா. தையில் நல்ல மாம்பழத்தைத் தேடி அலைய வேண்டாம், நமது பக்கத்தில் அது பூக்கும் காலம்.

நட்சத்திரப் பழத்தை வெட்டினால் அழகாக இருக்கும் என்று பலர் மேசையில் வைப்பார்கள். வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால் அதை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு பழம்கூட அவர்களுக்கு உயிராபத்தாக முடியலாம். பிலிம்பிச் சாறும் அப்படியே.

பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள்: வாழைப்பழம் இந்த மேசைக்கு வருமா? யூத முறைப்படி வராது. வாழை குலை தள்ளியதும் செத்துக் கிழங்கிலிருந்து மறுபடி முளைப்பதால் அதை மரமாக எண்ணுவதில்லை, நிலத்தின் விளைச்சலாகவே ஆசீர்வாதம் சொல்வார்கள். அன்னாசியும் அதே கணக்கு. தோட்டத்துக்குப் போய் எது மரம், எது இல்லை என்று பிள்ளைகள் வாதாடத் தொடங்கினால் மாலை தானாக நகரும். பப்பாசியில் யூத அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதால் அதற்கு விடை சொல்லாமல் விடலாம்.

பைபிளில் உபாகமம் 8:8 சொல்லும் ஏழு விளைச்சல்களை ஒரு தட்டில் வைப்பது வழக்கம்: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவ, தேன். தேன் என்பதைப் பேரீச்சந்தேன் என்றே பொருள் கொள்வார்கள். கோதுமைக்கு ஒரு ரொட்டி, வாற்கோதுமைக்குப் பார்லிக் கஞ்சி. போத்தலில் அடைத்த ஒலிவ பெரிய கடைகளில் கிடைக்கும். உப்பு நீரில் ஊறியது, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் போட்டு வையுங்கள். வெரலிக்காயைச் சிலோன் ஒலிவ் என்று சொல்வார்கள். தின்ன ருசிதான், ஆனால் அது வேறு குடும்பத்து மரம், ஒலிவவுக்குப் பதிலாக ஆகாது. ஞாயிறு பாடசாலையில் செய்பவர்கள் கோதுமையைத் தட்டில் முளைக்க வைக்க விரும்பினால் ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்: முழுக் கோதுமை மணியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணி மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கலாம். கடையில் வாங்கும் பார்லி அரிசி முளைக்காது. தீட்டும்போது உமியோடு முளையும் போய்விடுகிறது. முளைக்கவில்லை என்று பிள்ளை அழுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

பேரீச்சையையும் அத்தியையும் அப்படியே வாயில் போட விடாதீர்கள். நெடுக்காகப் பிளந்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளே கறுப்புத் தூள் இருந்தால் வண்டு இருந்த அடையாளம். யூத வீடுகளில் இது கட்டாயம், பூச்சி உண்பது விலக்கு. நமக்கும் நல்ல பழக்கமே.

நான்கு கிண்ணத்துக்குக் கணக்கு இப்படி. முதலாவது முழு வெள்ளை, இரண்டாவது மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, நான்காவது முழுச் சிவப்பு. ஆறு பேருக்கு, கிண்ணத்துக்கு 100 மில்லிலீற்றர் என்றால், வெள்ளை 1.2 லீற்றர், சிவப்பு 1.2 லீற்றர் தேவை. வெள்ளைக்கு இளநீர் போதும், ஐந்து செவ்விளநீர் வாங்கினால் சரியாக வரும். மேசைக்கு உட்காரும்போதுதான் வெட்ட வேண்டும், இரண்டு மணி நேரம் வெளியில் நின்றால் புளித்த வாடை வரும். சிவப்புக்கு ஒன்றரைக் கிலோ கறுத்தத் திராட்சையை அரை லீற்றர் தண்ணீரில் மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் வேகவைத்து, கரண்டியால் மசித்து, துணியில் வடியுங்கள். மிக்சியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். யூத விருந்தினருக்கு இது உதவாது, திராட்சைச் சாறு அவர்களுடைய சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அவர்களுக்கு முழுப் பழம் கொடுப்பதே எளிது.

காலை: பார்க்கப் போவது

பார்ப்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. நகரத்தார் விடியவே பாலமீன்மடுப் பக்கம் போகலாம். 1913இல் கட்டிய வெளிச்சவீடு அங்கே நிற்கிறது, சுற்றிலும் வாவியின் உவர்நீரில் நிற்கும் கண்டல் மரங்கள். தெற்கே இருப்பவர்களுக்குப் பொத்துவில் களப்பு. கண்டலில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது, விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல் நீண்டு தொங்குவது. விழும்போது அது விதை அல்ல, கன்று. கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றில் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள், அவற்றை மிதிக்க விடாதீர்கள். தில்லை மரத்தை முதலில் உங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும். கிளை ஒடிந்தால் வெள்ளைப் பால் வடியும், அது கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தெரியாத மரத்தின் கொப்பை ஒடிப்பதில்லை என்பதை வண்டியில் ஏறும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

அங்கேயே கண்டல் நடலாமே என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. காரணங்களில் முக்கியமானது தவறான உயரத்தில் நட்டது. தையில் வாவி நிறைந்து நிற்கும். அன்றைய தண்ணீர் விளிம்பில் நட்டால் ஆடியில் அது காய்ந்த மேடு. அதைவிட உள்ளே நட்டால் அடுத்த மாரியில் மூழ்கும். எந்த இடத்தில் கண்டல் வரும் என்பதைக் கண்டலே காட்டும், தானாக முளைத்த குட்டிகள் நிற்கும் மட்டம்தான் அது. வனப் பகுதிகளில் அனுமதியும் வேண்டும். பார்த்துவிட்டு, கரையில் கிடக்கும் பொலித்தீனைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள், இளங்கன்றைச் சுற்றிக்கொண்டு கொல்வது அதுதான்.

திரும்பும் வழியில் காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவில் நிற்கும் பேரீச்சை மரங்களைக் காட்டுங்கள். ஏழு விளைச்சல்களில் ஒன்றை நமது ஊரில் உயிரோடு பார்க்கக்கூடிய இடம். தையில் பழம் இராது. பனையைப் போலப் பேரீச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பதை அங்கே வைத்துச் சொன்னால் மனதில் நிற்கும். நடைபாதையில் நின்றே பாருங்கள், வாகனம் விடாமல் ஓடும் வீதி, நடுவே இறங்க வேண்டாம்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலோரம் போகிறவர்கள் பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிடுங்கள். மாரித் தண்ணீர் வற்றும் காலம் எலிக்காய்ச்சல் காலம், கால் புண்ணோடு சேற்றில் இறங்கக்கூடாது. யானை வரும் எல்லைகளில் நாலு மணிக்கு முன் திரும்பிவிட வேண்டும்.

மாம்பூவுக்கு நாடா

எங்கள் எண்ணத்தில் அன்றைய நாளில் செய்யக்கூடியவற்றில் மிகச் சிறந்தது இது. செலவு கொஞ்சம் நாடாதான். நமது பக்கத்து மா மரங்கள் தை, மாசியில் பூக்கும். வருடப் பிறப்பின் கணக்கு அப்படியே பொருந்தும். கைக்கு எட்டும் கொத்துகளில், அன்றைக்கு முன் பிஞ்சு பிடித்தவற்றுக்குச் சிவப்பு நாடா, இன்னும் பூவாக இருப்பவற்றுக்கு வெள்ளை நாடா. ஒவ்வொரு நிறத்திலும் பத்துக் கொத்து போதும். காம்பில் தளர்வாகக் கட்ட வேண்டும், இறுக்கினால் கொத்தே கருகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எத்தனை பிஞ்சு நிற்கிறது என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். நூற்றுக்கணக்கான பூவுள்ள கொத்தில் கடைசியில் ஒன்றோ இரண்டோ நிற்கும், பல கொத்தில் ஒன்றும் நிற்காது. இது மரத்தின் இயல்பு, நோய் அல்ல. ஆனால் பூ கறுத்து ஒட்டிக்கொண்டு நின்றால் அது பூசணம், தைக் கடைசி மழையிலும் பனியிலும் வரும். பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள், மகரந்தம் சுமக்கும் ஈக்களும் சாகும். பெயர்ப்பலகை தொங்கவிட விரும்பினால் கயிற்றில் தொங்கவிடுங்கள், ஆணி அறைய வேண்டாம். முற்றுகையிட்ட பகைவன் ஊரில்கூடக் கனிமரத்தை வெட்டாதே என்பது உபாகமத்தின் கட்டளை.

நடுகை

பின்னேரம் நாலு மணிக்கு மேல் நடுங்கள். காலையில் நட்டால் கன்று முதல் நாளே முழு வெயிலையும் தாங்க வேண்டும்.

எதை நடுவது என்பதை உங்கள் கிணறு தீர்மானிக்கும். வாவியையோ கடலையோ அண்டிய கிணறுகள் பல ஆவணி, புரட்டாதியில் உவர்ப்பாகும். அந்தத் தண்ணீரில் தோடையும் தேசியும் இலை நுனி கருகிச் சாகும். அங்கே தென்னை, சப்போட்டா, இலந்தை, பேரீச்சை தாங்கும். நல்ல தண்ணீர் உள்ள படுவான்கரையில் ஒட்டு மா, மாதுளை, தேசி, விளா எதுவும் வரும். யானை வரும் இடத்தில் பலா வைக்காதீர்கள்.

கன்று வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள். வேர் வெளியே வந்து தடித்திருந்தால் உள்ளே சுருண்டிருக்கிறது என்று பொருள். உயரமான கன்று என்று ஆசைப்பட்டு அதை வாங்காதீர்கள். இரண்டடி உயரம், பென்சிலைவிடச் சற்றுத் தடித்த தண்டு, அது போதும்.

குழி நீளம், அகலம், ஆழம் எல்லாம் இரண்டடி. பத்து நாள் முன்பே வெட்டி ஆறப் போடுவது நல்லது. மேல் ஓரடி மண்ணை ஒரு பக்கமும் கீழ் மண்ணை மறு பக்கமும் குவியுங்கள். கடலோர எழுவான்கரை மணலில் தண்ணீர் நிற்காது, அதனால் குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை உள்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு பரப்ப வேண்டும். முந்தின நாளே ஊறவைத்த மட்டையாக இருக்கட்டும், காய்ந்த மட்டை கன்றுக்கு ஊற்றும் தண்ணீரைத் தானே குடிக்கும். வயல் மண்ணில் மட்டை வேண்டாம், அங்கே தண்ணீர் தேங்குவதுதான் பிரச்சினை. குழிக்குள் மாரித் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தால் அன்று நடாதீர்கள், அல்லது ஓரடி மேடு போட்டு அதன் மேல் நடுங்கள்.

மேல் மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் வேகும், கறையானும் வரும். பையைக் கத்தியால் நெடுக்காகக் கீறி எடுக்க வேண்டும், தண்டைப் பிடித்து இழுத்தால் மண் கட்டி உடையும். கன்று பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நிலத்திலும் நிற்கட்டும். ஒட்டுக் கன்றில் ஒட்டு மண்ணுக்கு மேல் நாலு விரலாவது தெரிய வேண்டும், புதைந்தால் ஒட்டு அழுகும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரை வாராவாரம் கிள்ளுங்கள், விட்டால் அது வளர்ந்து நல்ல மாவை ஓரம்கட்டும்.

பிறகு வேலி. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரும்போக அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலுக்கு இறங்கும், ஊருக்குள்ளும் வரும். நீங்கள் நட்டு மூன்று வாரத்தில் அது நடக்கும். நாலு கம்பு, நாலடி உயரம், சுற்றிக் கம்பி வலை அல்லது அலம்பல். மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைச் சாய்த்துக் கட்டுங்கள், கச்சான் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

தண்ணீர்: முதல் இரண்டு வாரம் மழை இல்லாத நாளில் ஐந்து லீற்றர். மாசி முதல் சித்திரை வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து லீற்றர். வைகாசி முதல் புரட்டாதி வரை மணலில் அதே பத்து லீற்றரை ஒன்றுவிட்டு ஒருநாள், வயல் மண்ணில் வாரத்துக்கு இரண்டு தடவை இருபது லீற்றர். தினமும் ஒரு செம்பு ஊற்றுவது கெடுதல், வேர் மேலேயே நின்றுவிடும். வீட்டில் ஆள் இல்லாத நாட்களுக்கு மெருகிடாத மண் முட்டி ஒன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து நிரப்புங்கள், மூன்று நாலு நாளைக்குக் கசிந்துகொண்டிருக்கும். வாயைத் துணி போட்டு இறுக்கமாக மூட வேண்டும், திறந்திருந்தால் நுளம்பு முட்டையிட்டு டெங்கை வளர்ப்பீர்கள். அடியைச் சுற்றிக் காய்ந்த இலை நாலு விரல் தடிப்பாகப் போடுங்கள், தண்டை மட்டும் தொடவிடாதீர்கள்.

லேவியராகமம் 19:23-25 நட்ட மரத்தின் பழத்தை மூன்று வருடம் தின்னாதே, நாலாம் வருடத்தது கடவுளுக்கு, ஐந்தாம் வருடம் முதல் உனக்கு என்கிறது. ஒட்டு மா இரண்டாம் வருடமே பூத்துவிடும். அந்தப் பூவைக் கிள்ளி எறியுங்கள். கிள்ளாத கன்று இரண்டு காயைத் தாங்கி, கிளை விடாமல் குட்டையாக நின்றுபோகும். பிள்ளைக்கு இதைச் செய்ய மனம் வராது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் செய்தும் கன்று செத்துப்போனால் பிடுங்கிப் பாருங்கள். வேர் பை வடிவிலேயே சுருண்டிருந்தால் கன்று கூடாதது. வேர் கறுத்து மணத்தால் தண்ணீர் தேங்கியது. பட்டைக்குள் மண் குழாய் இருந்தால் கறையான். வேர் வெள்ளையாக, ஆனால் காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. குழி அப்படியே இருக்கட்டும். ஐப்பசியில் முதல் இரண்டு நல்ல மழை பெய்து மண் ஓரடி நனைந்ததும் அதே குழியில் வேறு கன்று வைக்கலாம். அடுத்த ஷெவாத் வரும்போது அதற்கு மூன்று மாத வேர் இருக்கும்.